இடது பக்கக் கதவு

அந்தக் காரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் எச்சில் ஊறும். ஆசையில் அல்ல, துப்புவதற்கு. எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் அப்படி ஒரு கார் வேறு எவனிடமும் இல்லை என்று மார் தட்டிக்கொண்டு திரிந்தேன். மற்றவர்களுக்குப் புத்தி இருந்ததால்தான் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தேரடித் தெருவில் எனக்கு பம்ப்செட் கடை. டீசல் இன்ஜின், பெல்ட், பைப் எல்லாம் விற்கிறவன். சத்தத்தைக் கேட்டே இன்ஜினுக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு திமிர். அந்த வருஷம் என் தங்கைக்கு ஆரணியில் மாப்பிள்ளை அமைந்தது. பள்ளிக்கூட வாத்தியார், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருடைய அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயரானவர். நகை, பாத்திரம் என்று எதுவும் வாய் திறந்து கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"மாப்ள அழைப்புக்கு மட்டும் ஒரு நல்ல காரா ஏற்பாடு பண்ணிடுங்க. நாலு பேரு பாக்கற மாதிரி இருக்கணும்."

அவ்வளவுதான். ஒரு வாடகைக் காரைப் பேசி, சாமந்திப் பூவைச் சுற்றிவிட்டிருந்தால் வேலை முடிந்தது. நானோ வீட்டுக்கு வந்து, "எங்க வூட்டு மாப்ள வாடகைக் காருல வரணுமா? சொந்தமாவே வாங்கறேன்" என்று கத்தினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு வேணும்னா வாங்கிக்கண்ணா. எனக்காகன்னு மட்டும் சொல்லாத."

பாவி, சரியாகத்தான் சொன்னாள். மெட்ராசுக்குச் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளை வாங்கி வந்து கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்திருப்பேன். மற்றவர்கள் வேறு மாதிரிப் படங்களை ஒளித்து வைத்துப் பார்ப்பார்களே, அப்படித்தான் நானும் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பேன்.

மெட்ராசில் ஒரு பழைய பங்களாவின் ஷெட்டில் அது நின்றது. காலையில் ஒரு நாட்டில் கிளம்பி, மலை தாண்டி, சாயங்காலம் அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேருவதற்கென்றே செய்த ஜாதிக் கார். இரண்டே கதவு, நீள மூக்கு, இடுப்பு உயரம். வேகம் காட்டும் முள்ளுக்கு நூற்றைம்பது மைல் வரை எண் போட்டிருந்தது. தலையை உள்ளே விட்டதும் குப்பென்று அடித்தது நாற்றம். பூசணம் பிடித்த தோல் சீட், எலி மூத்திரம், ஏதோ செத்தது, எல்லாம் சேர்ந்து.

"ஒரிஜினல் லெதரு சார். ஃபாரின் வாசன" என்றான் புரோக்கர், வெற்றிலை எச்சிலைச் சுவரில் பீச்சிவிட்டு. நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதோடு விட்டேனா? இழுத்து ஒருமுறை மோந்தும் பார்த்தேன். சீ!

என்னை இடது பக்கம் உட்கார வைத்துப் பீச் ரோட்டில் அவன் ஓட்டிக் காட்டினான். ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் இந்தப் பக்கம் ஓடி வந்து, வளைந்து, கதவைத் திறந்துவிட்டான். "நீங்க ஏன் சார் கைய வெக்கறீங்க?" என் முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்கு எவனும் கதவு திறந்துவிட்டதில்லை. அங்கேயே விழுந்துவிட்டேன். என்ன விலை கொடுத்தேன் என்று எழுதமாட்டேன், மானம் போகிறது.

தனியாகவே ஓட்டிக்கொண்டு வந்தேன். செஞ்சி தாண்டும் வரை ராஜா. கீழ்பென்னாத்தூருக்கு இந்தப் பக்கம் ரோட்டில் கேழ்வரகுக் கதிரைப் பரப்பியிருந்தார்கள், லாரியும் பஸ்ஸும் ஏறி மிதிக்கட்டும் என்று. எல்லா வண்டியும் மேலே ஏறிப் போனது. என்னுடையதுதான் வயிற்றாலேயே எல்லாவற்றையும் வாரிக்கொண்டு நின்றது. மூன்று பொம்பளைகள் அடியில் கையை விட்டு ஒரு மணி நேரம் சிக்கிய கேழ்வரகுத் தாளை உருவினார்கள். "இன்னா சார், இது இன்னும் வளரலயா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்ற இரண்டு பேரும் ரோட்டில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

மறுநாள் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மனைவியை இடது பக்கம் ஏற்றிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தேன். வீட்டு வாசலில் அவள் இறங்கப் பார்த்தாள், முடியவில்லை. உள்பக்கக் கைப்பிடியை இழுத்தால் அது பல் விழுகிற மாதிரி லொடலொடவென்று ஆடியதே தவிரக் கதவு அசையவில்லை. பட்டனை அமுக்கினால் இறங்க வேண்டிய கண்ணாடியும் இறங்கவில்லை. புரோக்கர் ஏன் ஓடி ஓடி வந்தான் என்று அப்போதுதான் விளங்கியது. நான் என்ன செய்தேன்? நானும் ஓடிப் போய்த் திறந்துவிட்டேன்.

"பெரிய காருன்னா இப்டித்தான். ஆம்பள வந்து தொறந்துவுடணும்" என்றேன்.

"அப்ப நீங்க வழியில செத்துட்டா நான் உள்ளயே கெடக்கணுமா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் அதில் ஏறவே இல்லை. உள்ளூரில் எந்த மெக்கானிக்கும் அந்தக் கதவைத் தொடமாட்டேன் என்றான், சாமானுக்குச் சீமைக்குத்தான் போகணும் என்று. வெளியிலிருந்து திறக்கிறதே, போதும் என்று விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரை, சாயங்காலம். நாற்றம் தெரியக்கூடாது என்று ஒரு பாட்டில் பன்னீரை உள்ளே கொட்டியிருந்தேன். பன்னீரும் மல்லிகையும் எலி மூத்திரமும் கலந்து ஒரு வாடை, இன்றைக்கும் கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தால் எனக்குக் குமட்டும். மாப்பிள்ளை மாலையோடு குனிந்து, மடங்கி, இடது பக்கம் உட்கார்ந்தார். முழங்கால் தாடையில் இடித்தது. நான் ஓட்டினேன். முன்னால் மேளம், பக்கத்தில் பெட்ரோமாக்ஸ். சம்பந்தி என் ஜன்னலோரமாகவே நடந்தார். எதிரில் வருகிறவர்களிடமெல்லாம், "சம்பந்தி வூட்டுச் சொந்தக் காரு, ஃபாரினு" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓடுகிற காற்றில் ஆறுவதற்குச் செய்த இன்ஜின் அது. மேளக்காரர் நடைக்கு ஊர்ந்தால் எப்படி ஆறும்? இன்ஜின் விற்கிறவனுக்குத் தெரிய வேண்டாமா? பாதித் தெருவில் மூக்கிலிருந்து ஆவி கிளம்பிற்று. இரண்டு தடவை விக்கியது. நின்றுவிட்டது.

"தள்ளுங்கப்பா" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். எங்கள் வீட்டு ஆட்கள் பின்னால் போனார்கள். கண்ணாடியில் பார்த்தேன். நடுவில் என் அப்பா. அறுபத்தைந்து வயது, புது வேட்டி, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தார்.

மாப்பிள்ளையும் திரும்பிப் பார்த்துவிட்டார். "மச்சான், மாமா தள்றாரு. நான் எறங்கறேன்."

"உக்காருங்க மாப்ள. தோ, மண்டபம் வந்துடுச்சு."

அவர் கைப்பிடியை இழுத்தார். அது ஆடியது. மறுபடி இழுத்தார். "இது தொறக்கலயே. வெளிய யாரையாச்சும் தொறக்கச் சொல்லுங்க, மச்சான்."

என் பக்கத்துக் கண்ணாடி திறந்துதான் இருந்தது. "அந்தக் கதவ தொறங்கப்பா" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சொன்னால் ஜன்னலோரம் நடக்கிற சம்பந்திக்குத் தெரிந்துவிடும், சொந்தக் காரின் லட்சணம். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். மேளத்தில் காதில் விழாத மாதிரி நடித்தேன். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிற மனிதன் பேசுவது காதில் விழாதாம்! த்தூ.

அவர் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தார். தெருவில் நின்ற ஒருவன், "டேய், மாப்ள வேகமாத் தள்ளச் சொல்றாருடா!" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் அப்பா இன்னும் வேகமாகத் தள்ளப் போய், கால் இடறி விழுந்தார். முழங்காலில் ரத்தம். எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல் மறுபடி வந்து கையை வைத்தார்.

இதையெல்லாம் மண்டபத்து மாடி ஜன்னலிலிருந்து என் தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் ஒழுக அப்பா தள்ளுவதையும், மாலை போட்ட மனிதன் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டுவதையும்.

மறுநாள் தாலி ஏறியது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கூச்சம் என்று பெண்கள் சொன்னார்கள்.

ஆடிக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள், நான் தனியாக இருக்கிற நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னிக்கு எறங்கத்தான் பாத்தாராம். கதவு தொறக்கலன்னு சொல்றாரு. நெசமாண்ணா?"

நல்ல நேரம் பார்த்தாள். காரைத் தொலைத்துத் தலைமுழுக நான் அலைந்துகொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வேலூரிலிருந்து ஒரு ஆள் வாங்க வந்து, முன் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன். "கதவுக்கு இன்னா கேடு? பூ மாதிரி தொறக்கும். எவன் சொன்னது தொறக்கலன்னு?"

"ஓ" என்றாள். அப்புறம், "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னைச் சந்தேகப்படவில்லை, கூடப் பிறந்தவன் அல்லவா? கட்டிக்கொண்டு மூன்று மாதம் ஆன ஆளைத்தான் பொய்யன் என்று முடிவு கட்டினாள். அவள் போனதும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். "நாக்கு அழுகிடும் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். வேலூர்க்காரன் காபியைக் குடித்துவிட்டுப் போனவன் போனவன்தான்.

அப்புறம் சொல்லியிருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த வருஷம், எத்தனையோ தீபாவளி, பொங்கல். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. ஆரணியில் அவர்களுக்குள் சண்டை என்று ஒன்றும் காதுக்கு வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. அவர் ஏதாவது சொன்னால் அவள் அப்படியா என்பாள், அவ்வளவுதான். கடையில் அறிமுகமில்லாத ஆளிடம் பேசுகிற மாதிரிப் புருஷனிடம் பேசுவாள். அவரோ எப்போது வந்தாலும், "நல்லா இருக்கீங்களா, மச்சான்?" என்பார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. காறித் துப்பியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஐந்தாம் வருஷம் அப்பா செத்தார். ஓடியாடி எல்லாம் செய்தது மாப்பிள்ளைதான். பாடைக்குத் தோள் கொடுத்துச் சுடுகாடு வரை மாற்றாமல் வந்தார். பாடை கிளம்பும்போது வாசலில் நின்ற தங்கை, எல்லார் காதிலும் விழ, "அன்னிக்குத் தள்ளாதவரு இன்னிக்கு வந்து தூக்குறாரு" என்றாள். அவர் பாடையோடு திரும்பி என்னை ஒருமுறை பார்த்தார். நான் கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

இதற்குள் ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் வீடு கட்டிப் போயிருந்தோம். காரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட்டிருந்தேன். கோழி அதில்தான் முட்டையிடும். ஏழாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பழைய இரும்பு வாங்குகிற பாயை வரச் சொன்னேன். தங்கை முதல் நாளே வந்திருந்தாள், தீபம் பார்த்துவிட்டுப் போவதாக. அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு.

பாய் கௌரவமான மனிதர். இடது பக்கம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டையும் டேஷ்போர்டையும் தட்டிப் பார்த்தார். தங்கை அவருக்கு டீ கொண்டு வந்தாள். அவர் இறங்கப் பார்த்தார். கைப்பிடி லொடலொடவென்று ஆடியது. கண்ணாடியைத் தட்டினார்.

டீ கிளாஸோடு தங்கை நின்றாள். உள்ளே உட்கார்ந்து கண்ணாடியைத் தட்டுகிற மனிதனை அவள் பார்த்தபடியே இருந்தாள். நான் நகர்வதற்குள் அவளே போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"இன்னா சார், உள்ள இருந்து தொறக்கலயே" என்று பாய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "இது இப்ப போனது இல்ல. ஸ்பிரிங்கே இல்ல பாருங்க, உள்ள துரு ஜாஸ்தி. நீங்க வாங்கும்போதே போயிருக்கும்."

நான் தங்கை கையிலிருந்த டீ கிளாஸை வாங்கிப் பாயிடம் நீட்டினேன்.

அவள் கத்தவில்லை. "பாய், அந்தக் கைப்பிடிய மட்டும் கழட்டிக் குடுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "அவர இன்னாத்துக்குப் பாக்கறீங்க? கழட்டுங்க." ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படவில்லை, கையாலேயே வந்துவிட்டது. அதை முந்தானையில் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லல, போவுது. அப்பாகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேண்ணா, சாகறதுக்குள்ள" என்றாள்.

கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு, தீபத்துக்கு நிற்காமல் அப்போதே கிளம்பிவிட்டாள். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். தீபத்துக்கு ஊரே பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகிற பஸ்ஸெல்லாம் காலி. ஆரணி பஸ்ஸில் தனி ஆளாக ஏறி, பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே நான் நின்றேன். "போய்ட்டு வரேன்" என்று அவள் சொல்லவில்லை.