கறுப்பு நார் தேடிய ஜெயலெட்சுமி

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரி ஏறி, ஜார்ஜ்டவுனில் ஒரு கால்நடை ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்கு வருவாள் ஜெயலெட்சுமி. பதினோரு வருஷ சர்வீஸ். ஆய்வுக்கு வரும் தசைக்குச் சாயம் போடுவதில் கை தப்பாதவள் என்று பெயர். 1986-இல் ஒரு புதன்கிழமை அந்தப் பெயரே அவளைப் பாடாய்ப் படுத்தியது.

பங்களா ஒன்றில் லாப்ரடார் குட்டி ஒன்று நாலு எட்டு நடந்தாலே கால் மடங்கி விழுந்தது. நாய்களைப் பார்த்துக்கொண்ட அர்ஜுனன் குட்டிக்கு வாங்கிக் கொடுத்த இறைச்சியை வெளியே விற்று, அதைப் பட்டினி போட்டான் என்று முதலாளி சாதித்தார். ரெண்டு மணிக்கு வருவார். பதில் இல்லையென்றால் போலீஸ்.

குட்டியின் தொடையில் வெட்டியெடுத்து உறையவைத்த தசைத் துணுக்கு ஜெயலெட்சுமியிடம் இருந்தது. பட்டினி என்றால் சாயத்தில் கறுக்கும் நார்கள் மெலிந்தாவது இருக்கும். பிறவி நோய் என்றால் அந்த நார்களே அரிது.

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். ஒரே வெளுப்பு.

"பிறவி நோய்தான். எழுதிவிடலாமே?" என்றார் டாக்டர் விநாசித்தம்பி.

"இருங்க டாக்டர். சாயமே பிடிக்காம போயிருந்தாலும் இப்படித்தான் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தசை கைவசம் இல்ல."

"மணி பதினொண்டு, பிள்ளை!"

வாசலில் குந்தியிருந்த அர்ஜுனன் எழுந்தான். "எழுதிடுங்க லா அக்கா. எனக்கு நல்லதுதானே?"

"உங்க முதலாளி வேற இடத்துல காட்டி, அங்க கறுப்பு வந்தா? உன்னோட சேர்த்து என்னையும் உள்ள தள்ளுவாங்க. பாசார்ல நாகூர் மீரான் கறிக்கடைக்கு ஓடு. இப்ப அறுத்த ஆட்டுத் தொடையில விரலளவு. ஐஸ்ல மட்டும் போட்டுடாதே, மெதுவா உறைஞ்சா நார் கெட்டுடும்!"

அரைமணியில் வியர்த்து வழிய வந்தான். "விரலளவு கறியில யாருக்குடா விருந்துன்னு கேட்கிறாரு அக்கா."

அவள் சிரிக்கவில்லை. ஆட்டுத் தசையை நொடியில் உறையவைத்து, காகிதத்தைவிட மெல்லிசாய்ச் சீவி, ஒரே கண்ணாடியில் குட்டியின் தசைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். புதுசாகக் கலக்கிய கரைசல்களில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

ஒன்றே முக்கால். வெளியே முதலாளியின் காடி வந்து நின்றது.

ஆட்டுப் பக்கம்: கறுப்பும் வெளுப்பும் கலந்து, சதுரங்கப் பலகை மாதிரி. சாயம் பிடித்திருக்கிறது! கண்ணாடியை நகர்த்தினாள். குட்டியின் பக்கம்: வெளுப்பு, வெளுப்பு, எங்கோ ஒரு கறுப்பு.

"இப்ப எழுதுங்க டாக்டர்."

அர்ஜுனன் கும்பிட்டான். உடனே முகம் மாறியது. "அப்ப குட்டி?"

"மருந்து இல்லப்பா."

"ஊசி போட்டுக் கொல்லச் சொல்லுவாரு அக்கா. வேணாம்னும் அந்தத் தாள்ல எழுத முடியுமா?"

முதலாளி உள்ளே வந்துவிட்டார். டாக்டர் கீழே ஒரு வரி சேர்த்தார்: ஏர்கான் குளிரில் வைக்காமல், அதிகம் ஓடவிடாமல் பார்த்துக்கொண்டால் வாழும்.

"பார்த்துக்கப் பழகின ஆளு வேணுமே டாக்டர்" என்றாள் ஜெயலெட்சுமி, முதலாளி காதில் விழும்படி.