பதினைந்தாவது பூச்சி

போன ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தப் பால்கனிக்குப் போனால், புறா வலைக்குள் ஒரு வண்ணத்துப்பூச்சி மாட்டிக்கொண்டு படபடத்துக்கொண்டிருந்தது. இரும்புலியூரில் எங்கள் அடுக்ககத்தில் எல்லா வீட்டுக்கும் இந்த வலை உண்டு. புறா உள்ளே வராமல் இருக்கக் கட்டியது, ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் எங்களைத்தான் உள்ளே போட்டுக் கட்டிய மாதிரி இருக்கும். பூச்சி எந்தக் கண்ணி வழியாக வந்ததோ, போகும் வழி அதற்குத் தெரியவில்லை. கறுப்புச் சிறகு, பின்சிறகில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், கீழே வால் மாதிரி இரண்டு நீட்டல். நான் முதலில் பார்த்தது சிறகை இல்லை, உடம்பை. உடம்பு கறுப்பு. கத்தரிக்கோலை எடுத்து வந்து வலையில் ஒரு சாண் வெட்டிவிட்டேன்.

"ஒரு பூச்சிக்காகவா வலைய வெட்டின? நாளைக்கே புறா வந்து முட்டை போடும் பாரு," என்றார் என் வீட்டுக்காரர். அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

கல்லூரியில் நான் விலங்கியல் படித்தேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கிற ஆள் நான். வாங்கிய மதிப்பெண்ணுக்குத் தாம்பரத்தில் அந்தப் பாடம்தான் கிடைத்தது. வேறு போக்கிடம் இல்லாமல் சேர்ந்தேன், மூன்று வருஷம் அந்துருண்டை வாசனைக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். இப்போதும் பீரோவைத் திறந்து அந்த வாசனை வந்தால் பரீட்சை பயம் எட்டிப்பார்க்கும்.

கூடவே எலுமிச்சை இலை வாசனையும் வரும். அது அஞ்சலையுடையது. அஞ்சலை என் பக்கத்து இருக்கைக்காரி. கோவளம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து கேளம்பாக்கம் வந்து, அங்கே பஸ் மாறி வண்டலூர் வழியாகத் தாம்பரம் வருவாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கேளம்பாக்கத்தில் மீன் விற்கிறவர். முதல் வருஷம் யாரோ ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாள். அதிலிருந்து தினமும் வீட்டு எலுமிச்சை மரத்தில் நாலு இலை பறித்து, வகுப்புக்குள் வரும்முன் உள்ளங்கையில் கசக்கித் தேய்த்துக்கொள்வாள். எனக்கு அவளிடம் ஒருநாளும் மீன் வாசனை அடித்ததில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கடைசி வருஷம் செய்முறைத் தேர்வுக்குப் பூச்சிப் பெட்டி வைக்க வேண்டும். மரப்பெட்டி, கண்ணாடி மூடி, உள்ளே தெர்மகோல். பதினைந்து வெவ்வேறு இனப் பூச்சிகளைக் குண்டூசியில் குத்தி, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெட்டி செல்லாது. எனக்கு அப்பா ஸ்கூட்டரில் வைத்து ஏரிக்கரை, தோட்டம் என்று சுற்றிக்காட்டியதில் பதினேழு சேர்ந்துவிட்டது. அஞ்சலைக்குக் கணக்காகப் பதினைந்து. அதில் இரண்டு அவள் வீட்டு எலுமிச்சை மரத்துப் புழுக்கள், கொசுவலைத் துண்டுக்குள் வைத்து வண்ணத்துப்பூச்சியாகும் வரை அவளே வளர்த்தவை. ஒன்று கறுப்பில் வெள்ளைப் பட்டை போட்டது, இன்னொன்று சிவப்புப் புள்ளி வைத்தது. என் பதினேழிலும் அதே மாதிரி ஒரு ஜோடி அவள் கொண்டுவந்து கொடுத்ததுதான். ஆனால் கொல்ல அவளுக்குக் கை வரவில்லை. நகச்சாயம் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஊறுகாய் பாட்டிலுக்குள் போட்டு மூடியது நான்தான். நாலும் கண்ணாடியில் மோதி மோதி அடங்கும் வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

பெயர்ச்சீட்டு எழுதுவது என் வேலை. என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்ற கர்வம் எனக்கு நிறைய. புத்தகத்தில் படத்தைப் பார்த்து, வெள்ளைப் பட்டைக்குக் 'காமன் மார்மன்' என்றும் சிவப்புப் புள்ளிக்குக் 'கிரிம்சன் ரோஸ்' என்றும் இரண்டு பெட்டிக்கும் எழுதினேன்.

"இன்னாடி ரெண்டுக்கும் வேற வேற பேரு போட்டுகினு கீற? ரெண்டும் ஒரே மரத்துப் புழுடி," என்றாள் அஞ்சலை. "வெளிய வந்து ஜோடி சேந்ததக்கூட நான் பாத்தேன். வேலியாண்ட ஒண்ணு வருமே, இதே மாதிரி செவப்புப் புள்ளி, அதுக்கு ஒடம்பும் செவப்பு. இதுக்குப் பாரு, கறுப்பு."

"புக்ல படம் இருக்குடி. நீ புக்க விடப் பெரிய ஆளா?" என்றேன். அவள் சீட்டை வாங்கித் தன் பெட்டியில் ஒட்டிக்கொண்டாள்.

அந்தப் பரீட்சை அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். தேறினால் டீச்சர் படிப்பு, தவறினால் மாமன் மகன். அவள் அம்மா இரண்டே வாக்கியத்தில் முடிவு சொல்லியிருந்தார். மாமன் மகன் கெட்டவன் இல்லை, படகு வைத்திருக்கிறான் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். சொல்லும்போது நகத்தைக் கடிப்பாள்.

தேர்வன்று ஆய்வகக் கதவைச் சாத்திவிட்டார்கள். பதிவெண் வரிசையில் அவளுக்கு அடுத்து நான். வேறு கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் அவள் பெட்டியைக் குனிந்து பார்த்தார்.

"இது கிரிம்சன் ரோஸா? உடம்பப் பாத்தியாம்மா? அதுக்கு உடம்பு செவப்பா இருக்கும். இது காமன் மார்மனோட பெண். பக்கத்துல இருக்கறது ஆண். ரெண்டும் ஒரே இனம். அப்ப உங்கிட்ட பதினாலுதான் இருக்கு."

அஞ்சலை திரும்பி ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். எழுதியது நான் இல்லை என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் அவளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே என் பெட்டியைத் திறந்து, சீட்டைக் கிழித்து, அந்தப் பூச்சியைப் பிடுங்கி ரெக்கார்டு நோட்டுக்குள் வைத்து அழுத்தி மூடினேன். என் பெட்டியில் இன்னும் பதினாறு இருந்தது. தேர்வாளர் எண்ணிவிட்டு, "கையெழுத்து அழகா இருக்கு," என்றார். கதவு திறந்திருந்தால் ஓடியிருப்பேன்.

அஞ்சலை தவறிவிட்டாள். மறுபடி எழுத ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், வீட்டில் காத்திருக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

டீச்சர் படிப்புப் படித்தது நான். கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளியில் முப்பது வருஷமாக உயிரியல் எடுக்கிறேன். வருஷா வருஷம் வகைப்பாட்டுப் பாடம் வரும்: வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். சிவப்பு உடம்புக்காரி விஷப்பூச்சி, பறவை தொடாது, அதனால் இந்தக் கறுப்பு உடம்புக்காரி அவள் உடுப்பைப் போட்டு உயிர் பிழைக்கிறாள் என்பேன். பிள்ளைகள் ஆவென்று கேட்பார்கள். ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே இவற்றை வேறு வேறு இனம் என்று பெயர் வைத்துத் தடுமாறியிருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கவில்லையே. அந்த வகுப்பில் சாக்பீஸோடு நிற்கும்போதெல்லாம் இன்னொருத்தி இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான் இருக்கும். விட்டுவிட்டுப் போகவும் தைரியம் இல்லை.

ஐந்தாறு வருஷத்துக்கு முன் ஒரு வேலையாகக் கேளம்பாக்கம் போனேன். சாலையோரம் மீன்காரர்கள் வரிசையில் ஒரு குரல்: "ஏய், டீச்சரம்மா!" அஞ்சலை. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது, சிரிப்பு அதே சிரிப்பு. பேரன் இருக்கிறான் என்றாள். நான் டீச்சரானதைக் கூடப் படித்தவள் ஒருத்தி சொன்னாளாம். சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டே அவளாகவே ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நீ சீட்டக் கிழிச்சத நான் பாத்தேன்டி."

நான் பர்ஸைத் திறந்து சில்லறை தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நல்ல வேல பண்ண. நான் வாயத் தொறந்திருந்தா உன் டப்பாவையும் சேத்துப் புடிச்சிருப்பாரு. ரெண்டு பேரும் எதுக்கு மாட்டிகினு முழிக்கணும்? ஒருத்தியாவது டீச்சர் ஆனா சரின்னு வுட்டுட்டேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். தாம்பரம் பஸ் வந்துவிட்டது. "போடி, பஸ்ஸு பூடும்," என்று மீன் பையைக் கையில் திணித்தாள். அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடிப்போய் ஏறினேன்.

அடுத்த முறை போனபோது சாலையை அகலப்படுத்தி மீன் வரிசையையே எடுத்துவிட்டிருந்தார்கள். இளநீர்க்காரரிடம் விசாரித்தால், "அவங்கல்லாம் எங்க போனாங்கன்னு தெர்லம்மா," என்றார். கடற்கரைப் பக்கம் அவள் பிறந்த வீட்டைத் தேடிப் போனேன். வீடும் இல்லை, எலுமிச்சை மரமும் இல்லை, மதில் எழுப்பி இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். எந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டாள் என்றுகூட நான் அவளைக் கேட்டதில்லை. போன் நம்பரும் வாங்கவில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸை விட்டிருக்கலாம், கால் மணியில் இன்னொன்று வந்திருக்கும்.