ஏழேகால் பாசஞ்சருக்கு எட்டுகிற வீடு

வீட்டுத் தரகன் முதலில் காட்டுவது வீட்டை அல்ல, பூட்டை. அன்றைக்கும் சாவி உள்ளே போய்விட்டது, திரும்பவில்லை. எத்திராஜ் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி, ஸ்டேஷன் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சாவியை உருவி, தலைமுடியில் தேய்த்து எண்ணெய் ஏற்றி, மறுபடியும் போட்டேன். கைகாட்டி இறங்கிவிட்டது. திருப்பதிக்குப் போகிற ஏழேகால் பாசஞ்சர் அதற்கு மேல் யாருக்காகவும் நிற்காது.

எத்திராஜ் திருப்பதியில் ஓர் ஆபீசில் தற்காலிக குமாஸ்தா. ஊர், அவன் ரயில் ஏறுகிற புத்தூரிலிருந்து ஏழு மைல் உள்ளே. ஏழு மைலும் முள். வாரத்தில் இரண்டு நாள் டயர் பஞ்சர். அந்த இரண்டு நாளும் ரயில் போய்விடும். மாதக் கடைசிக்குள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் குடிவராவிட்டால் அவன் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவான் என்று ஹெட் கிளார்க் சொல்லிவிட்டார். மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தது. பூட்டு திறக்கவில்லை. அவன் பெடலில் கால் வைத்தான்.

"வூடு எப்படி இருந்தாலும் பரவால்ல நைனா. பூட்டாத வூடா பாருங்க."

புரட்டாசிக் குடித்தனம்

வாடகை வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருப்பதியில் காலேஜ் வந்தது, ஆஸ்பத்திரி பெரிதாயிற்று, தெருவுக்கு ஓர் ஆபீஸ் திறந்தார்கள். அங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் சம்பளத்துக்குள் அடங்குகிற வீட்டைத் தேடி ரயில் பாதையோடு நடந்து வந்து புத்தூரில் நின்றார்கள். நான் அதுவரை கத்தரிக்காய் மண்டியில் தரகு பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் அழுகும், வீடு அழுகாது என்று நினைத்து மாறினேன்.

முதலில் வந்தவர் ஒரு கம்பவுண்டர். திருப்பதியில் நல்ல வீடுதான், வீட்டுக்காரரும் நல்லவர்தான். புரட்டாசி பிறந்ததும் வீட்டை யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டு, கம்பவுண்டரின் பாய், பானை, பெண்டாட்டி எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார். பத்து நாள்தான் என்றார். கம்பவுண்டர் நியாயம் கேட்கப் போனபோது வீட்டுக்காரரும் கொட்டகையில்தான் இருந்தாராம், பக்கத்துத் தொட்டியில் சாய்ந்துகொண்டு.

"எங்க மருமக புள்ளத்தாச்சி, அவளே இங்கதான் படுத்துக்கினு இருக்கா. உங்களுக்கு இன்னா, மாடு கடிக்குதா?"

கூப்பிடு தூரம்

ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று கேட்டால் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூப்பிடு தூரம் என்பார்கள். நானும் அப்படியே சொன்னேன். இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தொண்டை பெரிது என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஊர்க் கோடியில் குடிவைத்த ஒரு கணக்கர், கனத்த உடம்புக்காரர், எட்டாம் நாள் என்னைத் தேடி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரயில் போன பிறகு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரயில் கூப்பிடறது எனக்கு நல்லா கேக்குதுங்க. நான் கூப்பிடறதுதான் ரயிலுக்குக் கேக்கல."

தலைக்கணக்கு

அது எல்லைச் சண்டை வருஷம். ஆந்திரா பிரிந்துவிட்டது, எந்த ஊர் எந்தப் பக்கம் என்பது மட்டும் முடியவில்லை. பெரிய அதிகாரி ஒருவர் வந்து வீடு வீடாகத் தலை எண்ணுவார், எந்தப் பாஷைத் தலை அதிகமோ அந்தப் பக்கம் ஊரைத் தள்ளிவிடுவார் என்று புத்தூரே நம்பியது. யாரும் வரவில்லை, எண்ணவில்லை. அதற்குள் வீட்டுக்காரர்கள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். நூல் கடை வேலாயுதம் தன் மூன்று வீட்டையும் தமிழ்க் குடும்பத்துக்குத்தான் விடுவேன் என்றார். குழந்தைகள் நிறைய இருந்தால் நல்லது. எண்ணெய்க் கடை ராமையா தெலுங்குக் குடும்பம் கேட்டார். மாமியாரும் கூட வந்தால் விசேஷம். குழந்தை அழுகிற சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறவர்கள் இருவரும்.

கஷ்டம் எனக்குத்தான். எங்கள் பக்கத்தில் ஒரே வீட்டில் மாட்டை ஒரு பாஷையிலும் மருமகளை ஒரு பாஷையிலும் திட்டுவார்கள். ஒரு தறிக்காரரைக் கொண்டுபோய் ராமையா முன்னால் நிறுத்தினேன். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று ராமையா கேட்டார். தறிக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர்.

"நான் எங்கங்க பேசறேன்? அவதான் பேசறா."

அந்தாண்ட

எத்திராஜுக்கு இதைவிட நல்ல காலம் வராது என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் தமிழ். புருஷன், பெண்டாட்டி, மூன்று குழந்தைகள். வேலாயுதம் கணக்கில் ஐந்து தலை. ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய வீடு ஒன்று காலி. கூட்டிப்போனேன். வேலாயுதம் எழுந்து வந்து வரவேற்றார். எந்த ஊர் என்றார். எத்திராஜ் சொன்னான். அடுத்த கேள்வியை இந்த ஜில்லாவில் எல்லா வீட்டுக்காரரும் ஒரே குரலில்தான் கேட்பார்கள்.

"ஊருக்குள்ளயா, அந்தாண்டயா?"

அந்தாண்ட என்றால் சேரி. ஊருக்குள்ளே என்று சொல்லிவிடு என்று வழியிலேயே அவனுக்குச் சொல்லிவைத்திருந்தேன். பதினொரு நாள்தான் பாக்கி. எத்திராஜ் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "அந்தாண்டங்க" என்றான்.

வேலாயுதம் கோபப்படவில்லை. எல்லைக் கூட்டத்து மேடையில்கூட அவர் நிதானமாகத்தான் பேசுவார். திரும்பி உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பிரித்தார். ஐந்து தமிழ்த் தலை என்று நான் மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

"எண்ணறதுக்கு வேணும்னு சொன்னேம்பா. வூட்டுக்குள்ள வெக்கறதுக்கா சொன்னேன்?"

சுண்ணாம்பு

ராமையாவிடம் போனோம். தமிழ் பேசுகிறவனுக்கு வீடு இல்லை என்றார். அந்தக் காரணம் கொஞ்சம் மரியாதையாக இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வீடு. ஒருவர் தம்பி வருகிறான் என்றார். ஒருவர் கூரை ஒழுகுகிறது என்றார், வெயில் காலம். ஓர் அம்மாள் அவன் நின்ற இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் தெளித்தாள். அவன் செருப்பை அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு வந்தான்.

என் ஆபீஸ், ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடை பெஞ்சு. எத்திராஜை எப்போதும் அங்கேதான் பார்ப்பேன். என் வீட்டில் ஒரு பின்கட்டு இருக்கிறது. ஸ்டேஷனுக்கு மூன்று நிமிஷ நடை. எத்தனையோ பேருக்கு அதைக் காட்டியிருக்கிறேன்; அவனுக்குக் காட்டவில்லை. கேட்டால், வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்வதற்குத் தயாராக இருந்தேன். அவன் கேட்கவில்லை. ஆறு நாள் பாக்கி இருந்த சாயங்காலம், டீயைக் குடித்து முடித்து, சைக்கிள் சீட்டைத் துணியால் துடைத்தபடி சொன்னான்.

"உங்க பின்கட்டுக்காரங்க காலி பண்ணிட்டாங்க போல. நல்லா சுண்ணாம்பு அடிச்சிருக்கீங்க."

யாரும் கேட்காத வீடு

ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் மங்கம்மாவுக்கு இரட்டை வீடு. ஒன்றில் அவள் இருந்தாள், தனியாள். மற்றதில் முன்பு குடியிருந்தவர் உத்தரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். ஒரு வருஷமாக அந்த வீட்டை யாரும் கேட்கவில்லை. நானும் யாருக்கும் காட்டவில்லை. தரகனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. மூன்று நாள் பாக்கி இருக்கும்போது எத்திராஜைக் கூட்டிப்போனேன். மங்கம்மா அதே கேள்வியைத் தெலுங்கில் கேட்டாள். அவன் அதே பதிலைத் தெலுங்கில் சொன்னான்.

அவள் காலியான வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "கெணத்தண்ட யாரும் வரக்கூடாது. தண்ணி நானே சேந்தி ஊத்தறேன். சரேனா?" என்றாள். அவன் சரி என்றான். வெளியே வந்ததும் எனக்கு மனசாட்சி உறுத்தியது. தூக்குப் போட்டுக்கொண்டவர் விஷயத்தைச் சொன்னேன். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தான்.

"அவரு ஊருக்குள்ள ஆளுதானே? நான் குடிவர்றதுக்கு அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரா, கேட்டீங்களா?"

நிபந்தனை

மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது குடிவந்தார்கள். எத்திராஜின் பெண்டாட்டி கன்னியம்மா வேலி ஓரம் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். மங்கம்மா சேந்தி ஊற்றிவிட்டு, வாளியையும் கயிற்றையும் சுருட்டி உள்ளே கொண்டுபோய் வைப்பாள். மூன்று குழந்தைகள் உள்ள வீடு. அதுவரை நாளுக்கு இரண்டு குடம் சேந்திக்கொண்டிருந்தவள் இப்போது பன்னிரண்டு குடம் சேந்தினாள். அவள் வைத்த நிபந்தனை, மாற்றவும் முடியவில்லை. ரயில்வே கேட்டடியில் மோர் விற்கிற பெண் தினமும் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒருநாள் கேட்டாள்.

"ஏம்மா மங்கம்மா, நீ வூட்ட வாடகைக்கு வுட்டியா, வேலைக்கு சேந்துட்டியா?"

கையெழுத்து

வாடகைச் சீட்டில் மங்கம்மாவின் கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்துக் காலையில் போனேன். எதிரே எத்திராஜ் வந்தான். ஈரத் தலை, வகிடு எடுத்திருந்தான். கைகாட்டி இறங்கியிருந்தது, அவன் ஓடவில்லை, நடந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். காலி வீட்டுக்கும் வீடில்லாதவனுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பேரையும் தாமதப்படுத்துவதற்குத்தான் தரகு என்று பெயர்.

வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். தோள்பட்டை பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, அப்புறம் வா என்று மங்கம்மா உள்ளேயிருந்து சொன்னாள். வாளியும் கயிறும் கிணற்று மேடையில் கிடந்தன. கன்னியம்மா நான்கு குடம் சேந்தித் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஐந்தாவது வாளியை, மேடையில் காலியாக இருந்த மங்கம்மாவின் பித்தளைத் தவலையில் ஊற்றி, தூக்கிக்கொண்டு போய் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தாள். சற்று நேரம் கழித்துக் கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை வந்து தவலையின் விளிம்பைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.