மூக்கு வாத்தியார்

காரில் ஏறுவதற்கு முன் என் சட்டைக் காலரை முகர்ந்து பார்க்கிறார் மாப்பிள்ளை. "டர்பன்டைன்," என்கிறார், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி. பெயிண்டுக் கடை வைத்திருப்பவன் மேல் பன்னீரா மணக்கும்? "மச்சான், ஜன்னல் எல்லாத்தையும் இறக்கிடுங்க. இன்னிக்கு வகுப்பு இருக்கு." இறக்குகிறேன். மழை பெய்தாலும் இறக்குகிறேன். என் தங்கையை அவருக்குக் கட்டிக்கொடுத்து இருபத்திரண்டு வருடமாகிறது. ருசி பார்க்கிற நாட்களில் அவர் வண்டி ஓட்டமாட்டார். மாடியில் அவர்கள், கீழே நான் என்பதால் அந்தப் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

பெரிய ஓட்டல் ஒன்றில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று தேர்ந்தெடுத்து, பாட்டிலைத் திறந்து, விருந்தாளிக்கு ஊற்றித் தருகிற உத்தியோகம். சோமலியே என்று அதற்குப் பெயராம். கடைக்கு வருகிறவர்களிடம் "எங்க மாப்பிள்ளை ஒயின் ருசி பார்க்கிறார்" என்றால் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். குடிப்பதில்லை, துப்பிவிடுவார் என்று விளக்கினால் இன்னும் பாவமாகப் பார்க்கிறார்கள்.

துப்புவதில் அவர் சூரர், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டடி தள்ளி நின்று, நூல் பிடித்த மாதிரி வாளிக்குள் விடுவார். ஒரு சொட்டு வெளியே போகாது. பழக்கதோஷத்தில் வீட்டில் டீயையும் துப்புகிறார். உப்பு எவ்வளவு என்று கேட்டால் சொல்லமாட்டார். உப்பு எப்போது போடப்பட்டது என்று சொல்வார்.

இந்த மூக்குக்காக அந்த வீடு படுகிற பாடு கொஞ்சமல்ல. வாசனைச் சோப்பு கிடையாது. வகுப்பு நாளில் வெங்காயம் வதக்கக் கூடாது. பற்பசைகூட மணமில்லாதது, சுண்ணாம்பைத் தின்கிற மாதிரி இருக்கும். என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே சென்ட் என்றால் உயிர். சிநேகிதி கொடுத்த ஒரு சென்ட் பாட்டில் என் கடையில், பிரைமர் டப்பாக்களுக்குப் பின்னால் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை வருவாள், மணிக்கட்டில் ஒரு துளி தடவிக்கொண்டு அரை மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள், பிறகு கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு மாடி ஏறிப் போவாள்.

வருடத்துக்கு இரண்டு முறை வெளிநாட்டுத் திராட்சைத் தோட்டங்களுக்குப் பயணம். திரும்பி வரும்போது பெட்டி நிறையக் கல். தோட்டத்து மண்ணில் கிடந்த கல்லாம், ஈரப்படுத்தி முகர்ந்தால் ஒயினில் இருக்கிற மண்வாசம் புரியுமாம். ஒரே ஒரு தடவை மனைவியையும் அழைத்துப்போனார். கடலோர ஊர். "என்னம்மா பார்த்தே?" என்று கேட்டேன். "ஒயின் வைக்கிற நிலவறை பதினொண்ணு பார்த்தேன் அண்ணா. கடல் சத்தம் கேட்டுச்சு," என்றாள்.

சனிக்கிழமை காலைகளில் ஓட்டலின் மேல் மாடியில் வகுப்பு எடுக்கிறார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மூக்கு வாத்தியார். சிலசமயம் தக்கையில் பூஞ்சை பிடித்து உள்ளே இருக்கிற ஒயின் கெட்டுப்போயிருக்கும். விருந்தாளியின் கைக்குப் போகுமுன் அதைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் முதல் கடமை. ஆனால் இவர் எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் தானாக எதுவும் சொல்வதில்லை. ஒரு மாணவரிடம் கோப்பையை நீட்டி, "முதல்ல நீங்க சொல்லுங்க. நல்லாயிருக்கா, போச்சா?" என்பார். மாணவர் சொன்ன பிறகு தன் மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, மூன்று எண்ணுகிற நேரம் நிற்பார். "ம்... அதேதான்." சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர்களிடமும் இதே பேச்சுதான். எவ்வளவு பெரிய மனது, எல்லாரையும் வளர்த்துவிடுகிறார் என்று ஊரே மெச்சியது. அவரிடம் நான் மதித்த ஒரே குணமும் அதுதான்.

போன மாதம் தேர்வு நடந்தது. பதினேழு பேர், ஆறு கோப்பை. தேர்வில் யாரும் பேசக் கூடாது. அதனால் பாட்டில்களை அவரே திறந்தார், அவரே முகர்ந்தார், சரியான விடையை அவரே எழுதி உறையில் போட்டார்.

மறுநாள் மத்தியானம் கார் சாவியைக் கொடுக்க மாடிக்குப் போனேன். மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரே ஒரு தாளை முறைத்துக்கொண்டிருந்தார். ஓட்டலின் சலவைப் பிரிவில் பத்து வருடமாகத் துணி மடிக்கிற ஒரு அம்மாளுடைய தாள். தேறினால் சாப்பாட்டுக் கூடத்துக்கு மாற்றுவதாக ஓட்டலில் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் அடுத்த தேர்வு அடுத்த வருடம்தான்.

"நாலாவது கோப்பை கெட்டுப்போனதுன்னு எழுதியிருக்காங்க மச்சான். முட்டை போட்டேன். அந்த மார்க் போனதுல ஃபெயில் ஆயிட்டாங்க."

"மத்தவங்க?"

"பேரிக்காய் வாசம், எலுமிச்சைத் தோல் வாசம்னு பதினாறு பேரும் எழுதியிருக்காங்க."

"நீங்க சொல்லிக்கொடுத்ததை எழுதியிருக்காங்க," என்றேன்.

பையிலிருந்து அந்த நாலாம் நம்பர் பாட்டிலை எடுத்தார். அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. அடுக்களைப் பக்கம் திரும்பி, "இங்க கொஞ்சம் வாயேன்," என்று கூப்பிட்டார்.

தங்கை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. பாட்டிலின் வாயில் மூக்கை வைத்தவள் உடனே முகத்தைத் திருப்பினாள். "ஈரத்துணியை மூட்டை கட்டி வெச்ச வாடை. இதையா ஊத்தினீங்க?"

சலவை அம்மாளின் தாளில் இருந்ததும் அதே சொற்கள்தான்: மூட்டை கட்டி வைத்த ஈரத்துணி. மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்துவிட்டார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. தங்கைதான் சொன்னாள், "அவருக்கு இந்த ஒரு வாடை மட்டும் தெரியாது அண்ணா. மத்ததெல்லாம் தெரியும்."

"உனக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான முதல் வருஷத்துலேர்ந்து."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல்ல நீங்க சொல்லுங்க! வளர்த்துவிடுகிறாராம்! இருபத்திரண்டு வருடமாக என் காலரைப் பதம்பார்த்த மூக்கு, அடுத்தவன் மூக்கைக் கடன் வாங்கிப் பிழைத்திருக்கிறது. "அப்புறம் எதுக்கும்மா உன் சென்ட் பாட்டில் என் கடையில கிடக்குது?" என்று கேட்டேன். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். சென்ட் பாட்டில் என்றதும் அவர் நிமிர்ந்தார். அது அவருக்குத் தெரியாத சங்கதி.

"வெளிய சொன்னா அப்புறம் யாரு என்கிட்ட படிப்பாங்க மச்சான்?" என்றார் கடைசியில்.

"சொல்லலைன்னா அந்தம்மா இன்னும் ஒரு வருஷம் துணி மடிக்கணும்." இதைச் சொன்னது நான் அல்ல, என் தங்கை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காரில் ஏறும்போது அவர் என் காலரை முகரவில்லை. ஜன்னலைப் பற்றியும் பேசவில்லை, நானாகவே இறக்கிவிட்டேன். எப்போதும் காரிலேயே உட்கார்ந்து தூங்குகிறவன், அன்று மேலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

விடைத்தாள்களைக் கொடுத்து முடித்துவிட்டுப் பலகைக்கு முன்னால் நின்றார். "நாலாவது பாட்டில் கெட்டுப்போனது. எனக்கு அந்த வாடை தெரியாது. என்னைக்குமே தெரிஞ்சதில்ல. அந்தக் கேள்விக்கு," சலவை அம்மாளைக் காட்டினார், "இவங்க ஒருத்தர்தான் சரியா எழுதியிருக்காங்க. தேறிட்டாங்க."

யாரோ சிரித்தார்கள். இதுவும் வாத்தியாரின் பரீட்சை என்று நினைத்திருக்க வேண்டும். "இல்லப்பா, நிஜமாத்தான் சொல்றேன்," என்றார். சிரிப்பு நின்றது. சலவை அம்மாள் தாளை இரண்டாக, நாலாக மடித்துக்கொண்டே இருந்தார். துணி மடித்துப் பழகிய கை.

அந்த நாலாவது பாட்டிலோடு ஒரே பெட்டியில் வந்த இன்னொரு பாட்டிலை மாப்பிள்ளை திறந்தார். அரை விரல் அளவு ஊற்றி, கோப்பையை அந்த அம்மாள் முன்னால் கொண்டுபோய் வைத்தார். "சொல்லுங்கம்மா."

அவர் முகர்ந்தார். கீழே வைத்துவிட்டு, மறுபடி எடுத்து முகர்ந்தார். "இதுவும் போச்சு சார்."

வகுப்பு முழுவதும் வாத்தியாரைப் பார்த்தது. பழக்கத்தில் அவர் கை கோப்பைக்கு நீண்டது. இனி மூக்கை உள்ளே விடுவார், கண்ணை மூடுவார், மூன்று எண்ணுவார். நானும் காத்திருந்தேன். கை பாதியில் நின்றது. கோப்பையை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பாட்டிலைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கி, முகர்ந்து பார்க்காமலே, துப்புகிற வாளிக்குள் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார்.