பாட்டில் பிடித்த மழை

மலைக்கு மேல் எவ்வளவு மழை பெய்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஆலங்காயத்தில் ஒரு மழைமானி இருந்தது. அதை விட்டால் வாணியம்பாடிதான். இரண்டும் கீழே. எழுபதுகளில் மலையடிவாரத்தில் ஓர் ஏரி கட்ட முடிவானபோது, அதற்கு வந்து சேரும் வெள்ளத்தைக் கணக்கிடும் வேலை எனக்கு வந்தது. நான் இளநிலைப் பொறியாளர். அந்தக் கணக்கை வைத்துத்தான் கலிங்கின் நீளம். ஏரி நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறும் கல்கட்டு அது. குட்டையாக வைத்தால் தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொள்ளும்.

மலை மேல் வனத்துறை பங்களா முற்றத்தில் ஒரு மழைமானி வைத்தோம். புனலுக்குக் கீழே ஒரு பாட்டில். காலையில் அதில் சேர்ந்ததை அளக்க வேண்டும். பங்களா காவலாளி சந்தைக்கு இறங்கும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்கு அளவு சொல்வார்.

ஓர் ஐப்பசியில் அவர் தலையைச் சொறிந்தார். "சார், ரெண்டு வாட்டி பாட்டில் ரொம்பி வெளிய ஊத்திக்கினு இருந்திச்சி. அதுக்கு இன்னா கணக்கு?"

"பாட்டில் எவ்ளோ புடிக்குதோ அவ்ளோதான்."

"அப்போ மிச்சம்?"

"அத்த வுடு. டீ குடி."

"சார் சொன்னா மழையே நின்னுடும்பா" என்றார் டீக்கடைக்காரர். நானும் சிரித்தேன்.

வழிந்தது கொஞ்சமா, இன்னொரு பாட்டிலா, எனக்குத் தெரியாது. தெரியாதபோது தாராளமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று படித்திருந்தேன். கூட்டினால் கலிங்கு நீளும். நீண்டால், கரை முடியும் மேட்டிலிருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் போகும். மறுபக்கம் பாறை.

அது என் மனைவியின் ஊர்க் கல்லறைத் தோட்டம். எங்கள் முதல் குழந்தை அங்கேதான் இருந்தாள். பிறந்து ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

கல்லறைத் திருநாளன்று சுண்ணாம்பு அடித்த குழிகள்மேல் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தோம். சாமியார் வராத ஞாயிறுகளில் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, ஏரிக்கு இந்த எடத்த எடுத்துக்குவாங்கன்னு பேசிக்கிறாங்க. நெசமா?"

"இல்ல மாமா. ஒரு குழியக்கூட தொட மாட்டாங்க."

"பாத்தியா" என்றார் என் மனைவியிடம். "ஊரு மாப்ளன்னா இவன்தான்."

கல்லறைகளை விட்டுவைத்தால் கரைக்குக் கீழேயுள்ள வீடுகளுக்கு ஆபத்து என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களே எலும்புகளை எடுத்து, ஜெபம் செய்து, வேறு இடத்தில் வைத்திருப்பார்கள். நான் கேட்கவே இல்லை. என் குழந்தையின் குழியைத் தோண்டுவதைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதற்காகப் பாட்டில் அளவையே மழை என்று வைத்துக் கலிங்கைக் குட்டையாக்கினேன். மேலே கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பாட்டில் வழிந்த கதை தெரியாது.

ஏரி சில ஆண்டுகள் நன்றாகத்தான் இருந்தது. எண்பதுகளில் ஒரு கார்த்திகையில், ஊரில் தூறல் மட்டும் இருக்க, மலை மேல் விடாமல் அடித்தது. பொழுது விடிகிற நேரத்தில் தண்ணீர் கலிங்கில் அடங்காமல் பக்கத்து மேட்டை அரித்தது. முதலில் கல்லறைகள் போயின. அந்த வழியாகவே ஏரி இறங்கிக் கீழ்த்தெருவை அடித்துக்கொண்டு போனது. ஆம்பூர் தோல் டேனரிக்குப் போக முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தவர்கள் தப்பினார்கள். உபதேசியாரும் கோயில் மணி அடிக்கப் போயிருந்தார். அவர் மனைவி கீழ்த்தெரு வீட்டில் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாவை ஓடையோரம் கிடத்தியிருந்தார்கள். ஊரில் புதைக்க இடமில்லை. மாட்டுவண்டியில் ஆலங்காயத்துக்குக் கொண்டுபோனோம். வண்டிக்குப் பின்னால் நடக்கும்போது உபதேசியார் கேட்டார்.

"மேல எவ்ளோ மாப்ள பேஞ்சிருக்கும்?"

மழைமானி அங்கேதான் இருந்தது. பாட்டில் நிரம்பியிருக்கும்.

"தெரியல மாமா."

"நீ படிச்சவன். ஒரு மதிப்பா சொல்லேன்."

நான் வண்டியைத் தள்ளப் போனேன். கல்லறைகளைக் காப்பாற்ற மாப்பிள்ளை என்னென்னவோ செய்து பார்த்தான், மழைதான் கேட்கவில்லை என்று உபதேசியார் சாகும்வரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை.