ஜப்பான் காரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை

சென்ற மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வழியாகச் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு என் சொந்தக் காரில் போய்வந்தேன். போக இருபத்தாறு மைல். ரயிலில் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயணம் என் மாமனாருக்காக. ரயில்வேயில் இருபத்திரண்டு வருஷம் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்று, எங்களோடுதான் இருந்தார். அவருடைய இளைய மகளுக்குத் திருவாரூர்ப் பக்கம் தை ஆறாம் தேதி கல்யாணம். கப்பல் ஏழு நாளில் நாகப்பட்டினம் போய்ச் சேரும். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது இரண்டு வாரம் கழித்துத்தான். அதாவது இதைத் தவறவிட்டால், மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா இருக்க மாட்டார். கப்பலின் மேல்தளத்தில் போகிற டெக் பயணிகளை மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள் என்று சீட்டிலேயே அச்சடித்திருந்தது.

மாமாவிடம் ரயில் பாஸ் இருந்தது. "ரயில்ல போயிடலாமே" என்று என் மனைவி மரகதம் மூன்று தடவை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் போகிற ரயிலுக்குப் பாதை மாற்றிவிட்ட மனிதரை, மருமகன் சொந்தக் காரில் கப்பலேற்றி அனுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் பயன்படும். கோலாலம்பூரில் பல் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியரிடம் இதை வாங்கினேன். ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்துச் சண்டை மூண்டதும் அவரிடம் பல்லைக் காட்ட ஆள் வரவில்லை. ஊருக்குக் கிளம்பிவிட்டார். நானூறு வெள்ளி என்று சொன்னவர், நான் வாய் திறப்பதற்குள் முந்நூற்று இருபதுக்கு இறங்கினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வண்டியின் பூர்வீகத்தை அவர்தான் சொன்னார். மூன்று பங்காளிகளின் பெயர்களில் முதலெழுத்தை எடுத்துக் கோத்து முதல் காருக்குப் பெயர் வைத்தார்களாம். பிறகு அதைவிடச் சின்னதாக ஒன்று செய்து, அதற்கு 'மகன்' என்று அர்த்தம் வருகிற இங்கிலீஷ் சொல்லைச் சேர்த்தார்களாம். அந்தச் சொல்லின் ஓசைக்கு அவர்கள் பாஷையில் 'நஷ்டம்' என்று பொருளாம். உடனே ஓர் எழுத்தை மாற்றிச் 'சூரியன்' ஆக்கிவிட்டார்கள். இந்த அளவு வண்டி ஓட்ட அங்கே லைசென்ஸே வேண்டாமாம்.

குறை சொல்ல முடியாத வண்டி. நாலு பேர் உட்காரலாம், நாலாவது ஆள் ஒல்லியாக இருக்க வேண்டும். ஒரு காலன் பெட்ரோலுக்கு நாற்பது மைல் ஓடும். டயர்தான் சின்ன அளவு, சிங்கப்பூரிலிருந்து வரவழைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடி மேல் பாய்கிற முயல் பொம்மை ஒன்று உண்டு. மாமா இதை 'முயல் வண்டி' என்பார். முயலுக்குக் கீழேதான் என் தூக்கத்தைக் கெடுத்த சமாசாரம் இருந்தது: உள்ளங்கை அகலத் தகடு, அதில் ரத்தச் சிவப்பாக ஒரு சூரிய வட்டம்.

ஊர் நிலவரம் உங்களுக்குத் தெரியும். சீனர்கள் யாரும் ஜப்பான் சாமானைத் தொடுவதில்லை. விற்கிற கடைக்குத் தார் பூசுகிறார்கள். அவர்கள் ஊரில் நடப்பதைக் கேட்டால் அந்தக் கோபம் நியாயம்தான் என்று எனக்கே தோன்றும். ஆனால் ஜப்பான் துணி விற்ற ஒருவரின் காதை அறுத்துவிட்டார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டதைக் கேட்டதிலிருந்து, நியாயம் அநியாயம் எல்லாம் போய் என் காது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தத் தகட்டைக் கழற்றப் பார்த்தேன், முடியவில்லை. ஆணி அடித்து இறுக்கியிருந்தது.

ஒரு வழி தோன்றியது. புறப்படும் முன் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், பிறகு கை தடிமனுக்கு ஒரு சாமந்தி மாலை. முயல் கழுத்தில் போட்டதும் தகடு முழுக்க மறைந்துவிட்டது. ஐயர் அதைக் கொஞ்சம் ஒதுக்கி அழகு பண்ணப் போனார். "இருக்கட்டும் சாமி, அப்படியே இருக்கட்டும்" என்று கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

காலை பத்தேகாலுக்குக் கிளம்பினோம். கிள்ளான் ரோடு நல்ல தார் ரோடு, பூச்சோங்குக்குப் பாதை பிரிகிற இடம்வரை ஒரு குலுங்கல் இல்லை. அதற்குப் பிறகு இருபுறமும் ரப்பர் தோட்டம். வழியில் எந்தக் கடைத்தெரு வந்தாலும் காலை ஆக்சிலேட்டரில் வைத்து அழுத்துவேன். பெட்டாலிங்கில் ஒரு காப்பிக் கடை வாசலில் இருந்த நாலைந்து பேர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மாலை போட்ட காரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

பத்து தீகா என்ற ஊருக்கு ஒரு மைல் முன்னால் பின்சக்கரத்தில் ஆணி ஏறியது. உபரிச் சக்கரத்தை மாட்ட இருபது நிமிஷம். இங்கேதான் நான் செய்த தவற்றை எல்லோரும் கவனிக்க வேண்டும். பதினொன்றே முக்காலுக்குக் கிள்ளான் வந்ததும் அந்தப் பஞ்சர் சக்கரத்தை ஒட்டக் கொடுத்திருக்க வேண்டும். டயர்க் கடை நாலு இருந்தது, நாலும் சீனர் கடை. சக்கரத்தைப் புரட்டினால் எந்த ஊர்ச் சரக்கு என்று எழுதியிருக்கும். இன்னும் ஐந்து மைல்தானே என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் பஞ்சரானால் ஐந்து மைலுக்கு மூன்று சக்கரம் போதுமா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், நம்மவர் கடையில் சாப்பிட்டோம். சோறு, மீன் குழம்பு, மூன்று பேருக்கு அறுபது காசு, தாராளமாகப் பரிமாறுகிறார்கள். கை கழுவிக்கொண்டு வெளியே வந்தால் காருக்கு முன்னால் ஒரு பசு நிற்கிறது. வாயில் என் மாலையின் கடைசி முழம். சிவப்பு வட்டம் வெயிலில் பளபளக்கிறது. தெருவின் எதிர்ச் சாரி முழுக்கச் சீனர் கடைகள்.

பால்காரர் ஓடி வந்து, "மன்னிச்சிக்கங்க அண்ணே, சாமி மாலைன்னு தெரியாம தின்னிடிச்சி" என்றார். மாமாவையும் மரகதத்தையும் உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினேன். வேறு மாலை வாங்கியிருக்கலாம், பூக்கடை பத்தடியில் இருந்தது. பயம் வந்தால் பத்தடி தூரம்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

துறைமுக ரோட்டில் பாதி தூரம் போயிருப்போம். பன்னிரண்டரை மணி. வண்டி இடப்பக்கமாக இழுத்தது. முன்சக்கரம் தரையோடு தரையாகிவிட்டது. ஒரு பக்கம் சதுப்பு, ஒரு பக்கம் தென்னை, நடுவில் மூன்று பலகைக் கடைகள். இரண்டு பூட்டியிருந்தன. திறந்திருந்தது ஒரு சைக்கிள் கடை. வாசலில் ஐம்பது வயதுச் சீனர் ஒருவர். சட்டையில் காகிதப் பூ குத்தியிருந்தது. சீன நிவாரண நிதிக்குக் காசு போட்டால் தருவார்களே, அந்தப் பூ.

கடைப் பக்கம் திரும்பாமல் ரோட்டைப் பார்த்து நின்றேன். ஒரு பஸ் வந்தது, கை காட்டினேன், நிற்காமல் போனது. மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நடந்துடுறேன் மாப்பிள்ளை" என்றார். இரும்புப் பெட்டியோடு இரண்டரை மைல், மத்தியான வெயிலில். அறுபது வயது.

கடைக்காரர் எழுந்து வந்து வண்டியின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் பேசியது கடைத்தெருவில் எல்லோரும் பேசுகிற பாசார் மலாய், நான் தமிழில் எழுதுகிறேன். 'கிராணி' என்றால் குமாஸ்தா, என் உடுப்பைப் பார்த்துச் சொன்னது.

"கிராணி, இங்க நிறுத்தாத. உள்ள தள்ளு. சீக்கிரம்."

முகத்தை உள்பக்கமாக வைத்துத் தள்ளினோம். இருட்டுக்குக் கண் பழகியதும்தான் கவனித்தேன். அலமாரி நிறையச் சைக்கிள் மணி, செயின், பெடல். எல்லாவற்றிலும் செய்த ஊரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தை அரத்தால் ராவியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"சண்டைக்கு முன்னாடி வாங்கின சரக்கு" என்றார், நான் கேட்காமலே. "எங்க கொண்டுபோய்க் கொட்டுறது? என் தம்பி சீனாலதான் இருக்கான். நாலு மாசமா கடுதாசி இல்ல."

சக்கரத்தைக் கழற்றும்போது அவர் நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு இருந்த அதே பயம் அவருக்கும் இருந்தது. அப்படியும் உள்ளே தள்ளு என்று சொன்னார்.

ட்யூபில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. கண்ணாடி போட்ட ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி. கையில் உண்டியல், தோளில் பூக்கூடை. அப்போது மாமா காரிலிருந்து இறங்கினார். தண்ணீர்த் தொட்டியில் துண்டை நனைத்து முகம் துடைத்தார். பிழிந்து, உதறி, நிதானமாக முயலின் மேல் விரித்தார். தகடு மறைந்தது.

"ரேடியேட்டர் சூட்டுல காயட்டும் மாப்பிள்ளை" என்றார். இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். "எந்த ஊர்க் கார்?"

"இங்கிலீஷ் கார். சின்னது" என்றார் கடைக்காரர், தலை நிமிராமல்.

நான் உண்டியலில் ஒரு வெள்ளி போட்டேன். எனக்கு ஒரு பூ, மரகதத்துக்கு ஒரு பூ. மூன்றாவதை மாமாவின் துண்டில் குத்தப் போனார். ஊசி துணியைத் தாண்டித் தகட்டில் பட்டு 'டிக்' என்றது. கை நின்றது. துண்டை அவர் தூக்கிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கடைக்காரரைப் பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு பூவைக் குத்திவிட்டு வெளியே போனார்.

கடைக்காரர் கேட்ட கூலி முப்பது காசு. அதிகம் கொடுத்தேன், வாங்கவில்லை. "போ, போ" என்று கையை ஆட்டினார். ஒன்று முப்பத்தைந்துக்குத் துறைமுகக் கேட்டில் இருந்தோம். டாக்டர் சோதனை முடிந்து மாமா உள்ளே போகும்போது திரும்பினார்.

"அந்தக் கடைக்காரர் பேரு என்ன மாப்பிள்ளை?"

"கேக்கலயே மாமா."

"திரும்பிப் போறப்ப கேட்டு எழுதுங்க. கல்யாணப் பத்திரிகை ஒண்ணு அவருக்கு அனுப்பணும்."

கப்பல் மூன்றரைக்குக் கிளம்பியது. நாலேகாலுக்கு நாங்கள் அந்த மூன்று கடைகளுக்கு முன்னால் வந்தோம். சைக்கிள் கடையின் பலகைகள் சாத்தியிருந்தன. பலகையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகத் தார். காயவில்லை, இன்னும் கீழே வழிந்துகொண்டிருந்தது. பெயர் ராவிய மணிகள் ரோட்டில் சிதறிக் கிடந்தன. ஆள் யாரும் இல்லை.

"நிறுத்துங்க" என்றாள் மரகதம்.

நான் நிறுத்தவில்லை. ஒரு மணியின் மேல் சக்கரம் ஏறி இறங்கியதை உணர்ந்தேன். அவர் உள்ளே இருந்தாரா, அடித்தார்களா, முன்பே ஓடிவிட்டாரா, யார் செய்தது, எதுவும் எனக்குத் தெரியாது. கண்ணாடிக்காரரைச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அதுவும் எனக்குத் தெரியாது. நான் இறங்கிப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும். பத்து தீகா தாண்டும்வரை மரகதம் பின்னால் திரும்பி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

துறைமுகத்துக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: ரயிலில் போங்கள், நேராகத் துறைமுகத்திலேயே இறக்கிவிடும். காரில்தான் போவேன் என்றால் பஞ்சரான சக்கரத்தைக் கிள்ளானிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். கிள்ளானில் மாடு அவிழ்ந்து திரியும், பூமாலையை நம்ப வேண்டாம். ஜப்பான் கார் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் வரலாம். சாக்குப் போட்டு மூடிக் கொல்லையில் நிறுத்தியிருக்கிறேன். வண்டி மேல் குற்றம் இல்லை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாமாதான் தாரை வார்த்தார். கடிதத்தோடு மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றும் அனுப்பியிருக்கிறார், பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டு. "பேரை நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்று எழுதியிருக்கிறார். ஒரு மாதமாக அது என் மேசை மேல் கிடக்கிறது. அந்த ரோட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. பயமாக இருக்கிறது, காதுக்காக அல்ல.

கடை எந்த மைல்கல்லுக்குப் பக்கம் என்று எழுதவும் பயமாக இருக்கிறது. ஆனால் அந்த வழியில் சைக்கிள் கடை அது ஒன்றுதான். உங்களில் யாராவது போனால், கதவு திறந்திருந்தால், தயவுசெய்து இறங்கி அவர் பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.