வலிக்கு என்று அலறினேன்

சென்ற ஐப்பசிப் புயலில், குற்றால மலையடியில் குகை வாசலில் நின்ற கிழட்டு மருதமரம் பிளந்து வாசலை அடைத்துக்கொண்டு சாய்ந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த என் ஆடுகளெல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. செங்கோட்டைக்கு மேற்கேயிருந்து கூலிக்கு வந்திருந்த மலையாளத்துக்காரர் குஞ்ஞனைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவருக்குத் தமிழ் அரைகுறை.

மரத்தில் வடம் கட்டி, பாறைக்கு அந்தப் பக்கம் அவரை நிறுத்தினேன். நான் குரல் கொடுத்ததும் இழுக்க வேண்டும் என்று சைகையால் காட்டிவிட்டு, வாசலில் குனிந்து கிளையை வெட்டினேன். கிளை அறுந்ததும் மரம் உருண்டு என் காலைப் பாறையோடு நெரித்தது.

"ஐயோ, வலிக்கு, வலிக்கு" என்று அலறினேன்.

வடம் இறுகியது. மரம் இன்னும் அழுந்தியது. நான் அலற அலற அவர் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். பாவி என்னைக் கொல்லத்தான் வந்தானோ என்று நினைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது. "விடு சாமி, விடு" என்று கெஞ்சினேன். உடனே வடம் தளர்ந்தது.

ஓடிவந்தவர் காலைப் பார்த்து அழுதுவிட்டார். "வலிக்கு, வலிக்குன்னு நீங்கதானே பறஞ்ஞது?"

அவர் பாஷையில் வலிக்கு என்றால் 'இழு' என்று அர்த்தமாம்.

அவரே கடப்பாரையால் நெம்பி என்னை மீட்டார், ஆடுகளும் தப்பின. இப்போதெல்லாம் யாரோடு வடம் பிடித்தாலும், இழுக்க என்ன சொல், விட என்ன சொல் என்று முதலில் பேசிக்கொள்கிறேன். மழை நாளில் அந்தக் கால் குடையும். வீட்டில் கேட்டால் "நோவுது" என்பேன். மற்றச் சொல் வாயில் வருவதில்லை.